கடிதப் பெட்டியின் சாவி யார் கையில்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தப்பால் பையைத் தெரியும். கடிதம் லயத்துக்கு வராது; தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். லயக்காம்பராவுக்கு இலக்கம் இருந்தாலும் அது முகவரி ஆகாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்துத் தபாற்கந்தோர், அதோடு முகவரி முடிந்துவிடும். ஆபீசில் பிரித்து வைத்து யாரிடமாவது கொடுத்தனுப்பினால்தான் உரியவருக்குப் போய்ச் சேரும். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் பரீட்சை முடிந்து ஒரு கிழமைக்குப் பின் கைக்கு வந்த கதையும், வங்கிக் கடிதம் உடைக்கப்பட்டு வந்த கதையும் எமது வாசகர் வீடுகளில் ஏராளம். கடிதத்தில் இருந்த பெயர் எங்களுடையது. பெட்டியின் சாவி வேறொருவருடையது.

இந்தத் தலையங்கம் மின்னஞ்சலைப் பற்றியது. கொழுந்து பறிக்கிறவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் மின்னஞ்சல் எதற்கு என்று கேட்பவர்கள் எமது கூட்டங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் தப்பால் பையை முதலில் ஞாபகப்படுத்தினோம்.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அடிபட்டு மலையகத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல வடக்கு கிழக்கில் குடியேறின. திருகோணமலை மாவட்டத்திலும் அவ்வாறு வந்தவர்கள் இருக்கிறார்கள். பின்னால் பிழைப்புத் தேடி வந்தவர்களும் உண்டு. இன்று எமது அங்கத்தவர்களின் பிள்ளைகள் சீனக்குடா ஆலைகளில் நிற்கிறார்கள். துறைமுகத்தை அண்டிய கொந்தராத்து வேலைகளுக்குப் போகிறார்கள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறார்கள். தாயும் தகப்பனும் தோட்டத்தில், மகன் துறைமுகத்தில், மகள் குவைத்தில் என்று ஒரே குடும்பம் மூன்று இடத்தில் கிடக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு இன்று ஆபீஸ் வழியாகக் கடிதம் வருவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்க மின்னஞ்சல் முகவரி வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் போட அது வேண்டும். வங்கிக்குப் போனால் படிவத்தில் அதற்கு ஒரு கோடு இருக்கிறது. கோட்டை நிரப்புவதற்காக எங்காவது ஒரு முகவரியைத் திறந்துகொள்கிறோம். எங்கே திறந்தோம், யார் திறந்தார், எந்த இலக்கத்தைக் கொடுத்தோம் என்பது எவருக்கும் நினைவில்லை.

சென்ற வருடம் எமது அங்கத்தவர் ஒருவரின் மகள் உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். முகவரியைத் திறந்து கொடுத்தது ஒரு கொமினிகேஷன் கடை. அவசரத்தில் கடைக்காரத் தம்பி தன் சொந்தப் போன் இலக்கத்தையே கொடுத்துவிட்டார். கடவுச்சொல்லைக் கடையின் கொப்பியில் எழுதி வைத்தார். சில மாதம் கழித்துப் பிள்ளை வேறொரு போனில் பெட்டியைத் திறக்கப் போனபோது இரகசிய இலக்கம் கேட்டது. அந்த இலக்கம் கடைக்காரரின் போனுக்குப் போனது. கடை மூடிக் கிடந்தது. அவர் கட்டாருக்குப் போய்விட்டார். யார் யாரையோ கேட்டு, வாட்ஸ்அப்பில் அவரைப் பிடித்து, அங்கே அவர் இரவு வேலை முடித்து எழும்பும்வரை காத்திருந்து, கடைசித் திகதிக்கு முதல் நாள்தான் பெட்டி திறந்தது. அந்தத் தம்பி கெட்டவர் அல்ல, கேட்டவுடன் உதவினார். ஆனால் ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி கட்டாரில் ஒருவரின் நித்திரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்றவரைச் சொல்ல முன் எங்கள் முதுகையும் பார்க்க வேண்டும். எமது கிளையின் மின்னஞ்சலை முன்பு செயலாளராக இருந்த தோழர் தன் பெயரிலும் தன் இலக்கத்திலும் திறந்தார். நல்ல மனதோடு செய்ததுதான். அப்போது எங்களில் வேறு எவருக்கும் தெரியாது. அவர் வெளிநாடு போனார், அந்த சிம் செத்துப்போனது, கடவுச்சொல்லும் மறந்துபோனது. ஓர் அங்கத்தவரின் சேமலாப நிதி நிலுவை பற்றிய விசாரணைக்கான அழைப்பு அந்தப் பெட்டிக்குத்தான் போயிருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை. விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அந்தத் தோழர் மறுபடியும் ஒரு நாள் சம்பளத்தை இழந்து, மறுபடியும் பஸ் காசு கட்டி வந்தார். அவர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே ‘எந்தக் கம்பனியின் மின்னஞ்சல் நல்லது, காசு கட்டி எடுக்க வேண்டுமா?’ என்று எங்களிடம் கேட்பவர்களுக்கு எமது பதில் இது: குடும்பத்துக்கு இலவசக் கணக்கு போதும், எந்தக் கம்பனி என்பது இரண்டாவது விடயம், எந்த இலக்கத்தில், யார் கையால் திறக்கப்படுகிறது என்பதுதான் முதல் விடயம். சங்கத்தின் கதை வேறு. சங்கம் காசு கட்டத்தான் வேண்டும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

இலவச மின்னஞ்சல் புதிய தருமம் அல்ல. ஹொட்மெயில் 1996 ஜூலை 4இல் வந்தது. அதை ஆரம்பித்த இருவரில் ஒருவர் சபீர் பாட்டியா என்ற இந்தியர். அடுத்த வருடமே மைக்ரோசொப்ட் கம்பனி அதை வாங்கியது. அதில் பல வருடங்களாக ஓர் ஆளுக்குக் கிடைத்த இடம் 2 எம்பீ. இன்றைய போனில் எடுக்கும் ஒரு படமே அதை நிரப்பிவிடும். 2004 ஏப்ரல் 1இல் கூகிள் தன் ஜீமெயிலை 1 ஜீபீ இடத்தோடு அறிவித்தபோது ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். எந்தக் கம்பனியும் இதை எங்கள் முகத்துக்காகத் தரவில்லை. விளம்பரம் காட்டுவதற்காகவும், ஒரு நாள் இடம் போதாமல் நாங்கள் காசு கட்டுவோம் என்பதற்காகவும் தருகிறார்கள். ஜீமெயில் 2017 வரை கடிதங்களின் உள்ளடக்கத்தை இயந்திரத்தால் வாசித்து அதற்கேற்ற விளம்பரம் காட்டியது. பிறகு அந்தப் பழக்கத்தை விட்டது. பாவிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்காரன் கணக்கைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகலாம்.

அன்ட்ரொயிட் போன் வைத்திருக்கும் எமது அங்கத்தவர் பலரிடம் ஏற்கெனவே ஒரு ஜீமெயில் முகவரி இருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியாது! போன் வாங்கிய கடையில் பிளே ஸ்டோரைத் திறப்பதற்காக ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். செட்டிங்ஸ் உள்ளே போய் ‘கூகிள்’ என்ற இடத்தைத் தட்டினால் முகவரி தெரியும். புதிதாக ஒன்று திறக்கும் முன் அதைப் பாருங்கள். அது உங்கள் பெயரில், உங்கள் இலக்கத்தோடு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரின் பெயரிலோ முன்பு போனை வைத்திருந்தவரின் பெயரிலோ இருந்தால் அந்தக் கணக்கை அகற்றிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். அகற்றும் முன் அதில் சேமிக்கப்பட்டுள்ள படங்களையும் போன் இலக்கங்களையும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜீபீ. கடிதத்துக்கு மட்டும் என்றால் ஓர் ஆயுளுக்குக் காணும். ஆனால் அந்த 15 ஜீபீ கடிதத்துக்கு மட்டுமல்ல. போனில் எடுக்கும் படங்கள் கூகிளில் சேமிக்கப்பட்டால் 2021 ஜூன் முதல் அவையும் இந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. 2024 முதல் அன்ட்ரொயிட் போன்களில் வாட்ஸ்அப் சேமிப்பும் சேர்கிறது. தேர்த்திருவிழா வீடியோ, தங்கச்சியின் சாமத்தியச் சடங்கு வீடியோ, காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படம், எல்லாம் ஒரே கிடங்கில். கிடங்கு நிரம்பினால் புதிய கடிதம் வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். அந்த நேரம் பார்த்து ‘இடம் போதாது, மாதக் கட்டணத்தில் 100 ஜீபீ வாங்குங்கள்’ என்று போன் சொல்லும். பயந்து காசு கட்டியவர்களை நாம் அறிவோம்.

கட்ட வேண்டாம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘சட் பெக்கப்’ என்ற இடத்துக்குப் போய், வீடியோவையும் சேமிக்கும் தெரிவை நிறுத்துங்கள். பழைய பெரிய வீடியோக்களை அழித்துவிடுங்கள். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்க வேண்டும். இல்லாவிட்டால் அழித்ததும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. படம், வீடியோ, யூடியூப் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதம், பிள்ளையின் விண்ணப்பம் ஆகியவற்றுக்கு வேறொரு கணக்கு. இரண்டும் இலவசம். சீலைப் பெட்டியில் வெங்காயத்தைப் போடுகிறோமா?

100 ஜீபீக்கு அமெரிக்காவில் கூகிள் மாதம் 1.99 டொலர் எடுக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் டொலர் 300 ரூபா நிற்கும்போது 600 ரூபா. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அதில் 600 ரூபா என்பது ஏறக்குறைய ஓர் அரைப்பேர். ஒவ்வொரு மாதமும் கூகிளுக்கு அரைப்பேர் போட வேண்டுமா? அதோடு இந்தக் கட்டணத்தை அநேகமாக வங்கி அட்டையில்தான் கட்ட வேண்டும். பலர் மருமகனின் அட்டையையோ முதலாளியின் அட்டையையோ கொடுக்கிறார்கள். அட்டை மாறினால், அல்லது அட்டைக்காரரோடு மனஸ்தாபம் வந்தால், கட்டணம் நிற்கும். இடம் பழைய 15 ஜீபீக்கு இறங்கும். அதற்கு மேல் சேர்த்திருந்தால் கடிதம் வருவதும் நிற்கும். காசு கட்டி வாங்கிய பெட்டியின் சாவியும் இன்னொருவர் சட்டைப் பையில்.

மற்றக் கம்பனிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மைக்ரோசொப்டின் அவுட்லுக் இலவசக் கணக்கிலும் கடிதத்துக்கு 15 ஜீபீ உண்டு. வாட்ஸ்அப் வீடியோ அதற்குள் வந்து விழுவதில்லை என்பதால் ஆவணங்களுக்கான இரண்டாவது கணக்குக்கு அது பொருத்தம். யாஹூ முன்பு 1000 ஜீபீ என்று பெருமையடித்தது. 2025இல் அதை 20 ஜீபீக்குக் குறைத்தது. இலவசமாகக் கிடைப்பதை ஒரு நாள் அறிவித்தலோடு குறைத்துவிடலாம் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. 2013இல் யாஹூவின் 300 கோடி கணக்குகளின் விபரங்கள் திருடப்பட்டன. கம்பனி முழுக்கணக்கை ஒப்புக்கொள்ள 2017 ஆயிற்று. பழைய யாஹூ முகவரி வைத்திருப்பவர்கள் அதன் கடவுச்சொல்லை வேறெங்கும் பாவித்திருந்தால் இன்றே மாற்றுங்கள். சுவிற்சர்லாந்தின் புரோட்டோன் மெயில் பற்றியும், சென்னையில் வளர்ந்த சோஹோ பற்றியும் சங்கத்தின் விடயத்தில் பேசுவோம்.

எந்தக் கம்பனியானாலும் பாவிக்காத கணக்கை மூடிவிடும் விதி இருக்கிறது. கூகிள் 2 வருடம் தொடாமல் கிடக்கும் தனியார் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்கிறது. யாஹூ 12 மாதத்தோடு நிறுத்துகிறது. எமது சகோதரிகள் மத்திய கிழக்குக்குப் போவது பெரும்பாலும் 2 வருட ஒப்பந்தத்தில்தான். போன இடத்தில் போனை வீட்டு எசமானி வாங்கி வைத்துக்கொள்கிறாள் என்ற முறைப்பாடு புதியதல்ல. ஒப்பந்தப் பிரதி, கடவுச்சீட்டின் படம், முகவரின் பற்றுச்சீட்டு எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தால், திரும்பி வந்து நியாயம் கேட்கும் நாளில் பெட்டியே இல்லாமல் போகலாம். போகும் முன் எல்லாவற்றையும் தாய்க்கோ கணவருக்கோ நம்பிக்கையான அக்காவுக்கோ ஒரு பிரதி அனுப்பிவிட்டுப் போங்கள். கடதாசிப் பிரதி ஒன்று தகரப்பெட்டியிலும் இருக்கட்டும்.

இனி சாவி. கடவுச்சொல்லைத்தான் சாவி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் போன் இலக்கம்தான் பெரிய சாவி. கடவுச்சொல் மறந்தால் அந்த இலக்கத்துக்கு வரும் செய்தியால் பெட்டியைத் திறக்கலாம். இலக்கம் போனால் கடவுச்சொல் தெரிந்திருந்தும் திண்டாட வேண்டி வரலாம். எமது ஆட்கள் சிம் மாற்றுவதைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றுகிறோம். பஸ் நிலையத்தில் குடை விரித்து இலவச சிம் கொடுத்தால் ஒன்று. டேட்டா மலிவு என்றால் இன்னொன்று. பழைய சிம்மை ரீலோட் செய்யாமல் விட்டால் நாளடைவில் கம்பனி அதை வெட்டி, அதே இலக்கத்தை வேறொருவருக்கு விற்றுவிடும். அப்போது உங்கள் பெட்டியின் சாவி முன்பின் தெரியாத ஒருவரின் கையில். இன்னும் மோசம், இலக்கம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. சிம் விற்ற பொடியனின் பெயரிலோ கங்காணியின் அடையாள அட்டையிலோ இருந்தால், தொலைந்த சிம்முக்குப் பதில் சிம் உங்களுக்குக் கிடைக்காது.

எனவே வீட்டில் ஓர் இலக்கத்தையாவது நிலையாக வைத்திருங்கள். அது குடும்பத்தில் ஒருவரின் அடையாள அட்டையில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் அந்த இலக்கத்தையும், மாற்று முகவரியாகக் குடும்பத்தில் இன்னொருவரின் மின்னஞ்சலையும் பதியுங்கள். ஜீமெயிலில் இரண்டாவது பூட்டைப் போட்டால் பத்து அவசர இலக்கங்களைத் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம் கொண்டது, ஒரு தடவைதான் செல்லும். அதை ஒரு துண்டில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பையில் வையுங்கள். போனும் சிம்மும் ஒன்றாகத் தொலைந்தாலும் அந்தத் துண்டு பெட்டியைத் திறக்கும். கடவுச்சொல்லை எழுதி வைக்கக்கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். கந்தோரில் எல்லோரும் பார்க்கும் மேசையில் எழுதி ஒட்டுகிறவர்களுக்கு அது சரி. வீட்டுத் தகரப்பெட்டிக்குள் எழுதி வைப்பது, பிள்ளையின் பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாகப் போடுவதைவிடப் பாதுகாப்பானது என்பது எமது எண்ணம்.

முகவரிக்கு வைக்கும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். நடிகரின் பெயரோடு மூன்று இலக்கம் சேர்த்து முகவரி வைத்திருக்கும் தம்பிமார் ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எமது மக்களின் பெயர்கள் பதிவுப் புத்தகங்களில் பட்ட பாடு தெரிந்ததே: பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சேமலாப நிதியில் மூன்றாவது. நான்காவதாக மின்னஞ்சலிலும் ஒன்றைச் சேர்க்காமல் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே பாவியுங்கள்.

காசு கட்டினால், பெரிய இடத்தில் வைத்தால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு எமது நாட்டிலேயே ஒரு பாடம் நடந்தது. 2023 ஒகஸ்ட் 26இல் அரசாங்கத்தின் ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ என்ற கணினிக் கிடங்கு தாக்கப்பட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகைத் தாக்குதல் அது. ‘கவ் டொட் எல்கே’ என்று முடியும் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் ஒன்று. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. அந்த இடைப்பட்ட காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. பாவித்த மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்கத் திட்டமிட்டும் நிதியில்லாமல் தள்ளிப்போனதாகப் பொறுப்பான நிறுவனம் சொன்னது. ஒரு நாட்டின் அமைச்சரவைக்கே அந்த மூன்று மாதக் கடிதம் இல்லாமல் போகலாம் என்றால், எமது கிளைக்கு எம்மாத்திரம்?

எமக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடம் 3 வீதமும் கட்டப்பட வேண்டும் என்பது சட்டம். கட்டாத இடங்களைப் பற்றி அரச அலுவலகங்களுக்கு எழுதுகிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மின்னஞ்சலிலும் தகவல் கேட்கலாம். வேலை நாட்கள் 14க்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் சட்டப்படியான இடத்தைத் தந்திருக்கிறது. எழுதிய கடிதம் அவர்களுடைய பெட்டியில் அழிந்தாலும், அனுப்பிய திகதியோடு எமது பெட்டியில் இருந்தால் எமக்கு அத்தாட்சி இருக்கிறது. எமது பெட்டியும் தொலைந்தால் வெறும் வாய்ச்சொல்தான் மிஞ்சும்.

இதனால்தான் சங்கம் காசு கட்டத்தான் வேண்டும் என்றோம். சங்கத்தின் முகவரி ஆளின் பெயரில் இருக்கக்கூடாது. பதவியின் பெயரில் இருக்க வேண்டும். செயலாளர், பொருளாளர், முறைப்பாடு, செய்திமடல் என்று நான்கு பெட்டிகள் போதும். அதற்குச் சங்கத்தின் பெயரில் ‘டொட் எல்கே’ என்று முடியும் ஒரு சொந்த முகவரிப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயர் இருந்தால் நாளை கம்பனியை மாற்றினாலும் முகவரி மாறாது. வீடு மாறினாலும் வாசற்பலகை எங்களோடு வரும். இலவசக் கணக்குக்கும் காசு கட்டிய கணக்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஜீபீயில் இல்லை, இதில்தான் இருக்கிறது. செயலாளர் மாறினால் பெட்டியை அடுத்தவருக்குக் கொடுக்கும் அதிகாரமும் நிர்வாகக் குழுவின் கையில் இருக்கும்.

கூகிளில் இவ்வாறு எடுத்தால் ஒரு பெட்டிக்கு மாதம் ஏறக்குறைய 7 டொலர். நான்குக்கு 28 டொலர். எமது கிளைக்கு அது அதிகம். சோஹோவில் சிறிய கட்டணக் கணக்கு ஆண்டுக்கணக்கில் கட்டினால் ஒரு பெட்டிக்கு மாதம் 1 டொலர், 5 ஜீபீ இடத்தோடு. நான்கு பெட்டிக்கு மாதம் 4 டொலர், அதாவது 1200 ரூபா அளவில். எமது கடிதப் போக்குவரத்துக்கு 5 ஜீபீ தாராளம். தமிழன் கம்பனி என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. கம்பனிக்கு முன்னால் எங்களுக்கு இனம் முக்கியமில்லை, விலைப்பட்டியல்தான் முக்கியம்.

இரகசியம் வேண்டுமே, புரோட்டோன் எடுப்போம் என்று இளம் தோழர்கள் சொல்கிறார்கள். புரோட்டோனில் இருந்து புரோட்டோனுக்குப் போகும் கடிதத்தைக் கம்பனியே வாசிக்க முடியாது என்பது உண்மை. இலவசக் கணக்கில் இடம் 1 ஜீபீதான். மாதாமாதம் காசு கட்டினால் 5 டொலர் அளவில். ஆனால் நாங்கள் எழுதுவது தொழில் திணைக்களத்துக்கும் கம்பனிகளுக்கும். அவர்கள் புரோட்டோனில் இல்லை. அந்தப் பக்கம் பெட்டி திறந்து கிடக்கும்போது இந்தப் பக்கம் இரட்டைப் பூட்டுப் போட்டு என்ன பயன்? அதோடு 2021இல் பிரான்சில் சுற்றாடல் போராட்டக்காரர் ஒருவரின் இணைய இணைப்பு விபரத்தை, சுவிற்சர்லாந்துச் சட்டத்தின் கட்டளைப்படி, அந்தக் கம்பனி கொடுக்க வேண்டியதாயிற்று. எந்தக் கம்பனியும் ஏதோ ஒரு நாட்டின் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் யார் யார் எமக்குத் தகவல் தருகிறார்கள் என்பது போன்ற விடயத்தை எந்த மின்னஞ்சலிலும் எழுதாமல் இருப்பதே நல்லது. அதற்கு இன்னும் பழைய வழிதான்: நேரே போய், தேத்தண்ணி குடித்து, காதில் சொல்வது.

வரும் கிளைக் கூட்டத்தில் நிர்வாகக் குழு இந்த யோசனையை முன்வைக்கும்: சங்கத்தின் பெயரில் சொந்த முகவரி, நான்கு பெட்டிகள், ஆண்டுக் கட்டணத்துக்குக் கிளை நிதியில் இருந்து ஒதுக்கீடு, கடவுச்சொற்களும் அவசர இலக்கங்களும் மூடிய உறையில் தலைவரிடமும் பொருளாளரிடமும் ஒவ்வொரு பிரதி. ஒவ்வொரு மாதமும் முக்கிய கடிதங்கள் அச்சில் எடுத்துக் கோவையில் போடப்படும். மறுக்க விரும்புவோர் மறுக்கலாம். 1200 ரூபாவுக்குக் கணக்குக் கேட்பது அங்கத்தவர் உரிமை. பழைய பெட்டியைத் தொலைத்ததற்கான பொறுப்பை நிர்வாகக் குழு ஏற்கிறது. அலைந்த தோழரின் பஸ் காசைத் திருப்பிக் கொடுக்கும் பிரேரணையும் அன்று வரும்.

கூட்டம் முடிந்ததும் வளாகத்தில் படிக்கும் எமது பிள்ளைகள் சிலர் அங்கே இருப்பார்கள். உங்கள் போனில் என்ன முகவரி இருக்கிறது, எந்த இலக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். கடவுச்சொல்லை அவர்களிடமும் சொல்ல வேண்டாம். தட்ட வேண்டிய இடத்தைக் காட்டுவார்கள், தட்டுவது நீங்கள். தட்டத் தெரியாத அம்மாமார் மகளையோ பேரனையோ கூட்டி வாருங்கள். அடையாள அட்டை, போன், ஒரு பேனை, ஒரு துண்டுக் கடதாசி போதும். போனை வீட்டிலேயே சார்ஜ் செய்துகொண்டு வாருங்கள்; கிளை அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக் பொயின்ட், அதிலும் அன்று கேத்தல் இருக்கும்.